தக்காளி விலை குறைந்தால் யாருக்கு மகிழ்ச்சி?

வாசகர் கேள்வி, ஜூலை 5, 2023

நம் நாளிதழ்கள் பொருளாதாரச் செய்திகளைப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகின்றன, அதில் எனக்குச் சந்தேகமில்லை. தெரிய வேண்டியது ஒன்றுதான். சாய்வு ஆளுங்கட்சிப் பக்கமா, முதலாளி பக்கமா? உள்ளே வேலை பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஜூலை 5, இரவு

உள்ளே இருந்தவன்தான். ஒரு தமிழ் நாளிதழின் மாவட்டப் பதிப்பில் 11 வருடம் டெஸ்க்கில் உட்கார்ந்தவன். நிருபர்கள் அனுப்புவதைத் திருத்தி, தலைப்புப் போட்டு, பக்கத்தில் ஏற்றுகிற வேலை. எந்தப் பேப்பர் என்று கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன்.

கட்சியா முதலாளியா என்றால் இரண்டும் உண்டு. தேர்தல் வந்தால் கட்சி தெரியும். முழுப்பக்க விளம்பரம் வந்தால் முதலாளி தெரிவார். ஆனால் அந்த 11 வருடத்தில் பொருளாதாரச் செய்திக்காக மேலிடத்திலிருந்து எனக்குப் போன் வந்தது மொத்தமே மூன்று நான்கு தடவை இருக்கும். மிச்ச நாளெல்லாம் யாரும் சொல்லாமல் நானேதான் சாய்ந்துகொண்டேன்.

நேற்றிலிருந்து சென்னையில் 82 ரேஷன் கடைகளில் தக்காளி கிலோ 60 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். வெளியே 100ஐத் தாண்டிவிட்டது. இன்று நான் புரட்டிய மூன்று பேப்பரிலும் பையோடு வரிசையில் நிற்கிற பெண்கள் படம். தக்காளி எந்த ஊரிலிருந்து வருகிறது, இரண்டு மாதம் முன்னால் என்ன விலைக்குப் போனது, இப்போது ஏன் வரவில்லை, ஒரு பாரா கிடையாது. ‘வரத்து குறைவு’ என்பதோடு சரி. தக்காளி என்னவோ தானாக பஸ் பிடித்து வருகிற மாதிரியும், இந்த வாரம் பஸ்ஸைத் தவற விட்டுவிட்ட மாதிரியும்.

ஜூலை 6

டெஸ்க்கில் யாருக்கு என்ன உணர்ச்சி என்று ஒரு பங்கீடு உண்டு. எழுதி வைத்ததில்லை, சேர்ந்த முதல் மாதத்திலேயே மனப்பாடம் ஆகிவிடும். காய்கறி விலை ஏறினால் இல்லத்தரசிகள் அதிர்ச்சி. இறங்கினால் இல்லத்தரசிகள் மகிழ்ச்சி. பெட்ரோல் என்றால் வாகன ஓட்டிகள் அவதி. தங்கம் என்றால் நகைப்பிரியர்கள் கவலை. சந்தை விழுந்தால் முதலீட்டாளர்கள் கலக்கம். வேலைநிறுத்தம் என்றால் பொதுமக்கள் பாதிப்பு. வேலைநிறுத்தம் செய்கிறவர் அன்றைக்கு மட்டும் பொதுமக்களில் சேர்த்தி இல்லை.

விவசாயிக்கு வேதனை. வருடம் 365 நாளும் வேதனைதான். விலை ஏறி அவர் கையில் நாலு காசு புரண்டால் அதற்குத் தலைப்பே கிடையாது. அன்றைக்கு இல்லத்தரசி அதிர்ச்சியில் இருப்பார், இடம் அங்கே போய்விடும்.

சோம்பேறித்தனம் என்று திட்டுவீர்கள். ராத்திரி 11 மணிக்குப் பக்கத்தை முடித்து அனுப்ப வேண்டும், இரண்டு காலம், அதாவது இரண்டு பத்தி அகலத் தலைப்பில் இத்தனை எழுத்துதான் பிடிக்கும், பழகிய சொல்தான் கைக்கு வரும். டீக்கடையில் தொங்கும் போஸ்டர் இன்னும் மோசம், மூன்று சொல்தான். ‘தக்காளி விலை கிடுகிடு’ என்று போட்டுவிட்டால் ஏறியதா இறங்கியதா என்று கூடச் சொல்ல வேண்டாம். வாங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

ஜூலை 7

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. ‘விவசாயிகள் மகிழ்ச்சி என்றுதான் அடிக்கடி வருகிறதே’ என்று ஒருவர் பிடித்துவிட்டார். வருகிறது. மழை பெய்தால் மகிழ்ச்சி, மேட்டூர் திறந்தால் மகிழ்ச்சி. ஆனால் விலைக்காக மகிழ்ச்சி எப்போது வருகிறது என்று பாருங்கள். எனக்கு நினைவில் இருப்பது மல்லிகை மட்டும்தான். பனிக்காலத்தில் பூ வரத்து குறைந்து, முகூர்த்தமும் சேர்ந்து, நிலக்கோட்டையில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும்போது ‘பூ விவசாயிகள் மகிழ்ச்சி’ என்று நானே போட்டிருக்கிறேன்.

மல்லிகை இல்லாமலும் சாம்பார் வைக்கலாம். அதனால் அந்த மகிழ்ச்சியை யாரும் ஆட்சேபிப்பதில்லை போலிருக்கிறது.

ஜூலை 9

இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் யோக்கியன் மாதிரி ஆகிவிடும், சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். அண்ணன்தான் விவசாயம் பார்க்கிறார். 2018இல் ஒன்றரை ஏக்கர் தக்காளி போட்டிருந்தார். நல்ல காய்ப்பு. எல்லார் தோட்டத்திலும் நல்ல காய்ப்பு, அதுதான் வினை. மார்க்கெட்டில் 14 கிலோ பெட்டி 60, 70 ரூபாய் என்று போய்க்கொண்டிருந்தது. பறிக்கிற ஆளுக்குக் கூலி, வண்டி வாடகை, இறக்குக் கூலி, கமிஷன் கடைக்கு நூற்றுக்குப் பத்து. இதெல்லாம் போக மிஞ்சுவது பஸ் சார்ஜுக்குத்தான் ஆகும். அதனால் அண்ணி ஆள் கூப்பிடாமல் தானே பறித்தார். விடியற்காலையில் டார்ச் லைட்டைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு.

அதே வாரம் எனக்கு நைட் ஷிப்ட். நிருபர் அனுப்பியிருந்தது நாலு வரி, வரத்து அதிகம், விலை சரிவு. நான் போட்ட தலைப்பு: ‘தக்காளி விலை கடும் சரிவு: இல்லத்தரசிகள் மகிழ்ச்சி’. யோசிக்கவே இல்லை. அண்ணன் தோட்டம் நினைவுக்குக் கூட வரவில்லை. கை தானாக அடித்தது.

மறுநாள் காலை அண்ணன் போன். மார்க்கெட் வாசல் டீக்கடையில் படித்திருக்கிறார். திட்டவில்லை. ‘ஏன்டா, உங்க அண்ணியும் இல்லத்தரசிதானடா?’ என்று மட்டும் கேட்டார். பின்னால் அண்ணி சிரிக்கிற சத்தம் கேட்டது.

அந்தத் தலைப்பில் பொய் எதுவும் இல்லை. விலை சரிந்தது நிஜம். திண்டுக்கல் டவுனில் வாங்கியவர்கள் சந்தோஷப்பட்டதும் நிஜம். பொய்யாக இருந்திருந்தால் ஒரு வருத்தமாவது வெளியிட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லை. யார் வீட்டு அடுப்படியில் நின்று அந்த விலையைப் பார்த்தேன் என்பதுதான் கேள்வி. சம்பளம் வாங்கி, டவுனில் வாடகைக்கு இருந்து, மார்க்கெட்டில் கிலோ கணக்கில் வாங்குகிறவனின் அடுப்படி. என்னுடையது.

கேள்வி கேட்டவருக்கு என் பதில் இதுதான். கட்சியும் முதலாளியும் வாசல் வழியாக வருவார்கள், அடையாளம் தெரியும். இது ஏற்கெனவே வீட்டுக்குள்ளேயே இருப்பது.

ஜூலை 12

‘வாங்குகிறவர்கள்தான் அதிகம், அவர்கள் பக்கம் எழுதினால் என்ன தப்பு, கூலி வேலைக்குப் போகிறவரும் தக்காளி வாங்கத்தானே செய்கிறார்’ என்று திருப்பூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். இது என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அவர் சொல்வது சரி. ஏழை வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் சோற்றுக்கே போய்விடும். அரசு கணக்கிடும் சில்லறை விலைக் குறியீட்டில் கூட உணவுக்கும் பானத்துக்கும் 45.86% பங்கு. 150 ரூபாய்த் தக்காளி பனியன் கம்பெனிப் பெண்ணுக்கு நிஜமாகவே அடி. நான் அண்ணனுக்கு வக்காலத்து வாங்குகிற வேகத்தில் அவரை மறந்துவிட்டேன்.

அப்படியானால் அந்தப் பெண்ணையாவது செய்தியில் காணோமே? அவருடைய கூலி இந்த வருடம் எவ்வளவு ஏறியது என்று யாராவது கேட்டார்களா? விலைச் செய்தி தினமும் வருகிறது. கூலிச் செய்தி எப்போது வருகிறது? பேச்சுவார்த்தை உடைந்து, தறி நின்று, சோமனூரிலும் பல்லடத்திலும் ஆட்கள் தெருவுக்கு வந்தால். அப்போதும் தலைப்பு ‘நாளொன்றுக்கு இத்தனை கோடி உற்பத்தி பாதிப்பு’. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நான் ஒரு தடவை கேட்டேன். சங்க நிர்வாகி போனில் சொன்னாராம். நிருபர் எழுதிவிட்டார், நான் ஏற்றிவிட்டேன்.

ஆகவே ஜூலை 9 குறிப்பில் ஒரு திருத்தம். வாங்குகிறவர் பக்கம், விற்கிறவர் பக்கம் என்று பிரித்தது அரைகுறை. வாங்குகிறவரிலும் மாதச் சம்பளக்காரர்தான் தலைப்பில் இருக்கிறார்.

ஜூலை 14

அமெரிக்காவில் இருக்கும் ஒருவர், ‘அங்கெல்லாம் இதை எண்ணியே பார்த்துவிட்டார்கள்’ என்கிறார். 2004இல் கெவின் ஹாசெட், ஜான் லாட் என்ற இரண்டு பேர் செய்தது. வேலையின்மை, ஜிடிபி மாதிரி அரசுப் புள்ளிவிவரம் வெளியாகும்போது பேப்பர்கள் என்ன தலைப்புப் போட்டன என்று சேகரித்து, புள்ளிவிவரம் ஒரே மாதிரி இருந்தாலும் குடியரசுக் கட்சி அதிபர் இருந்தால் நல்லவிதமான தலைப்பு குறைகிறது என்றார்கள். அந்த இருவரும் வலதுசாரி ஆய்வு மையம் ஒன்றில் இருந்தவர்கள். ஹாசெட் பின்னால் டிரம்ப்பின் பொருளாதார ஆலோசகர் குழுவுக்கே தலைவரானார். அதற்காக அவர்கள் கணக்கு தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் எண்ணுகிறவரும் ஓர் அடுப்படியில் நின்றுதான் எண்ணுகிறார்.

நானும் என்னிடம் இருக்கும் பழைய பேப்பர் கட்டைப் பிரித்து எண்ண உட்கார்ந்தேன். நல்ல தலைப்பு, கெட்ட தலைப்பு என்று இரண்டு கோடு போட்டேன். முதல் பேப்பரிலேயே மாட்டிக்கொண்டேன். ‘வெங்காயம் விலை குறைந்தது’, இதை எந்தக் கோட்டில் போடுவது? கட்டை மறுபடி கட்டி வைத்துவிட்டேன். மனைவி அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார். கிலோ என்ன விலைக்கு என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை 21

நேற்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை. இன்றைய தலைப்புகளில் ‘விலையைக் கட்டுப்படுத்த அதிரடி’. நெல் போட்டவருக்கு இதனால் என்ன என்று கடைசிப் பாராவில் கூடத் தேடினேன். குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 8

என் பக்கம் நிற்கிற ஆட்களைத் திட்டுகிற முறை இப்போது.

நேற்று மக்களவையில் நிதித்துறை இணையமைச்சர் எழுத்துமூலம் பதில் கொடுத்தார். 2014–15 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியிருக்கின்றன. என் வாட்ஸ்அப் குழுக்களில் காலையிலிருந்து ஓடுவது: ‘கார்ப்பரேட்டுகளுக்கு 14.56 லட்சம் கோடி தள்ளுபடி!’ இரண்டு தப்பு. பெரிய தொழில், சேவை நிறுவனங்களின் பங்கு அதில் 7.41 லட்சம் கோடி, ஏறக்குறைய பாதி. மற்றது, நீக்குவதும் தள்ளுபடியும் ஒன்று கிடையாது. கணக்குப் புத்தகத்தில் எடுத்துவிட்டாலும் கடன் இருக்கிறது, வங்கி வசூலிக்கப் போகலாம், வழக்குப் போடலாம். எவ்வளவு வசூலானது என்பதும் அதே பதிலில் இருக்கிறது, சுமார் 2.05 லட்சம் கோடி. பெருமைப்படுகிற தொகை இல்லை. அதை வைத்தே நன்றாகக் கேள்வி கேட்டிருக்கலாம், ஆனால் ‘தள்ளுபடி’ என்ற சொல் ருசியாக இருக்கிறதே.

நிஜமான தள்ளுபடி வேறு. 2021 பிப்ரவரி 5ஆம் தேதி கூட்டுறவு வங்கிப் பயிர்க்கடன் 12,110 கோடியைத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தது, 16.43 லட்சம் விவசாயிகளுக்கு. அது நிஜமாகவே போன கடன். அப்போது நான் டெஸ்க்கை விட்டு வந்துவிட்டேன். இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியும். எட்டுக் காலத்துக்குத் தலைப்புப் போட்டு, பக்கத்திலேயே ‘அரசுக்குச் சுமை எவ்வளவு?’ என்று ஒரு பெட்டிச் செய்தி வைத்திருப்பேன். வாராக்கடன் செய்திக்கு அப்படி ஒரு ‘சுமை’ப் பெட்டி வைத்ததாக எனக்கு நினைவில்லை. அது ஏழாம் பக்கம், வணிகம்.

ஆகஸ்ட் 15

ஜூலை மாதச் சில்லறைப் பணவீக்கம், அதாவது போன வருடம் இதே மாதத்தைவிட விலைவாசி ஏறிய அளவு, 7.44%. தக்காளியின் கைங்கரியம்.

இதைச் சாய்வு என்று எழுத ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன், இது வெறும் அறியாமை. அடுத்த மாதங்களில் இந்த எண் இறங்கும். உடனே ‘விலைவாசி குறைந்தது’ என்று எங்காவது தலைப்பு வரும், பாருங்கள். ஏறுகிற வேகம்தான் குறைந்திருக்கும். பஸ் வேகத்தைக் குறைத்தால் பின்னால் போகிறது என்றா அர்த்தம்? இதே தப்பை நான் எத்தனை மாதம் செய்திருப்பேன் என்று எண்ணவில்லை. ஒரு வாசகர் கார்டு போட்டார், பள்ளிக்கூட வாத்தியார் கையெழுத்து. பதில் போடவில்லை.

ஆகஸ்ட் 20

வெங்காய ஏற்றுமதிக்கு 40% வரி. ஜூலை 21 குறிப்பையே மறுபடி படித்துக்கொள்ளவும். அரிசிக்குப் பதில் வெங்காயம்.

செப்டம்பர் 12

எதிர்பார்த்ததுதான். ஜூலையில் 100, 150 என்று கேட்டதும் எல்லாரும் நாற்றுப் போட்டார்கள், இப்போது மொத்தமாக வருகிறது. ஒட்டன்சத்திரத்தில் பெட்டி 80 ரூபாய்க்கு அண்ணன் போட்டுவிட்டு வந்தார். கிலோ ஆறு ரூபாய் கூட இல்லை. ஜூலையில் அவர் தோட்டத்தில் தக்காளியே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் விலை இல்லாமல் செடியோடு ஏர் ஓட்டிவிட்டார். அப்படி நிறையப் பேர் ஓட்டியதும், வெயிலும், மழையும் சேர்ந்துதான் ஜூலை ‘வரத்து குறைவு’.

ஆக, ஜூலைத் தலைப்பும் செப்டம்பர்த் தலைப்பும் ஒரே செய்தியின் இரண்டு பாதி. பேப்பரில் இரண்டும் சந்தித்துக்கொள்வதே இல்லை. ஜூலைச் செய்தி முதல் பக்கத்தில், நகர நிருபர் எழுதியது. செப்டம்பர்ச் செய்தி மாவட்டப் பக்கத்தில், பகுதிநேர நிருபர் எழுதியது. அதுவும் யாராவது தக்காளியை ரோட்டில் கொட்டினால்தான். கொட்டுகிற படம் இல்லாமல் டெஸ்க் எடுக்காது என்று நிருபருக்குத் தெரியும். ‘அண்ணே, கொட்டும்போது சொல்லுங்க, வந்து எடுத்துக்கிறேன்’ என்று ஒரு நிருபர் போனில் பேசியதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அவரைக் குறை சொல்லவில்லை. எத்தனை செய்தி, எத்தனை படம் வந்தது என்று பார்த்துத்தான் அவருக்குக் காசு.

செப்டம்பர் 16

நேற்று காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியது. 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். அண்ணிக்கு வந்துவிட்டது.

இதற்கு ஆளுக்கொரு பெயர் வைக்கிறார்கள். அரசு ‘உரிமை’ என்கிறது. பிடிக்காதவர்கள் ‘இலவசம்’. பேப்பர் எந்தச் சொல்லை எடுக்கிறது என்று பார்த்தாலே அது எங்கே நிற்கிறது என்று தெரியும். சரி, 2019 செப்டம்பர் 20ஆம் தேதி நிறுவனங்களின் வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்களே, அரசுக்கு வருடம் 1.45 லட்சம் கோடி வருமானம் குறையும் என்று அரசே சொன்னதே, அதற்கு என்ன பெயர்? ‘சலுகை’ கூட இல்லை, ‘சீர்திருத்தம்’. அன்றைக்கு மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 1,921 புள்ளி ஏறியது, அதுதான் தலைப்பு. உற்பத்தியைப் பெருக்கக் கம்பெனிகளுக்கு 1.97 லட்சம் கோடி ஒதுக்கினார்கள், அதற்கு ‘ஊக்கத்தொகை’. இலவசம் வாங்கினால் சோம்பேறி, ஊக்கத்தொகை வாங்கினால் தொழிலதிபர். வரியைக் குறைத்தது தப்பா சரியா என்பது தனி விவாதம், அதற்குள் நான் போகவில்லை.

செப்டம்பர் 18

‘விளம்பரத்தைப் பற்றி மழுப்புகிறீர்கள்’ என்று இரண்டு பேர். மழுப்பவில்லை, தள்ளிப்போட்டேன்.

பேப்பர் நாம் கொடுக்கிற காசில் ஓடுவதில்லை. காகிதக் காசுக்கே அது காணாது. மிச்சம் அரசு விளம்பரம், நகைக்கடை, ஜவுளிக்கடை, கல்லூரி, வீட்டுமனை. எங்கள் ஏரியாவில் மனை போடுகிறவர்கள்தான் வாழ வைத்தார்கள். 2016 செப்டம்பரில் அனுமதியில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. எங்கள் பக்கத்தில் அந்தச் செய்தி எப்படிப் போனது? ‘ரியல் எஸ்டேட் தொழில் முடக்கம்’, ‘பதிவுத்துறைக்கு வருவாய் இழப்பு’. சீட்டுப் பணத்தைக் கொண்டுபோய் அனுமதியில்லாத மனையில் போட்டவர் என்ன ஆனார் என்று தொடர்ந்து எழுதவில்லை.

அதற்கு ஒரு வருடம் முன்னால் என்று நினைக்கிறேன், ஓடையை மூடி மனை போட்டிருப்பதாக ஒரு பகுதிநேர நிருபர் படத்தோடு அனுப்பினார். பக்கத்தில் வைத்தேன். அந்த மூன்று நான்கு போனில் ஒன்று அன்றைக்கு வந்தது. எடுத்துவிட்டு, பள்ளி ஆண்டு விழாப் படத்தை வைத்தேன். வேடிக்கை என்னவென்றால், அடுத்த வாரம் சிறப்பு மலருக்கு விளம்பரம் பிடிக்க அதே நிருபர் அதே மனைக்காரரிடம்தான் போக வேண்டியிருந்தது. பிடித்துக் கொடுத்தால் அவருக்குக் கமிஷன். பிடித்துக் கொடுத்தார். இதில் நான் அவரைவிட ஒரு படி கீழே. அவர் எழுதவாவது செய்தார்.

பெரிய இடத்தில் இது பெரிய அளவில் நடக்கிறது. நிறுவனங்களின் பங்கை வாங்கிக்கொண்டு பதிலுக்கு விளம்பர இடம் கொடுக்கும் ஒப்பந்தங்கள் வந்தன. அப்படிப் பங்கு வைத்திருக்கும் கம்பெனியைப் பற்றி எழுதும்போது அதை வாசகருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று 2010இல் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொன்று, எனக்குப் பிடித்த உதாரணம். 2019 ஜூலை பட்ஜெட்டில் செய்தித்தாள் காகித இறக்குமதிக்கு 10% சுங்கவரி போட்டார்கள். அப்போது பார்த்திருக்க வேண்டும். உற்பத்திச் செலவு என்ன, மூலப்பொருள் விலை எப்படி ஏறியது, சிறு பத்திரிகைகள் எப்படி நசியும், உள்நாட்டுக் காகிதத்தின் தரம் என்ன, எல்லாம் தெளிவாக, படிப்படியாக, கண்ணீர் வரும்படி எழுதினார்கள். அடுத்த பட்ஜெட்டில் வரி 5% ஆனது. விளைவிக்கிறவர் பக்கம் நின்று பொருளாதாரம் எழுதப் பத்திரிகைகளுக்குத் தெரியாது என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம். நன்றாகத் தெரியும்.

செப்டம்பர் 19

மேலே ‘மூன்று நான்கு போன்’ என்று எழுதியதை நினைத்துக்கொண்டே இருந்தேன். போன் குறைவாக வந்ததற்குக் காரணம் மேலிடம் நல்லவர்கள் என்பதாக இருக்காது. ஒரு ஓடைச் செய்தியை எடுத்தபிறகு அடுத்த ஓடைச் செய்தியை நானே வைக்கவில்லை. நிருபரும் அனுப்பவில்லை. போன் எதற்கு வரப் போகிறது? முதல் நாள் ‘யாரும் சொல்லாமல்’ என்று எழுதினேனே, அதை அடித்துவிடுங்கள். ஒரு தடவை சொன்னார்கள். ஒரு தடவையே போதுமாக இருந்தது.

டிசம்பர் 19

நேற்றிலிருந்து ஆவினுக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை. ஊக்கத்தொகை என்றால் கம்பெனிக்கு மட்டும் என்று செப்டம்பரில் எகிறினேன், மாட்டுக்காரருக்கும் அந்தச் சொல் கிடைத்திருக்கிறது. வாபஸ்.

ஆனால் ஏன் கொள்முதல் விலை என்றே ஏற்றவில்லை? என் ஊகம், விலை என்று சொன்னால் டீக்கடை போஸ்டரில் ‘பால் விலை’ என்று வந்துவிடும். 2022 நவம்பரில் கொள்முதல் விலையை 3 ரூபாய் ஏற்றிவிட்டு, ஆரஞ்சு பாக்கெட் நிறைகொழுப்புப் பாலை, மாதாந்திர அட்டை இல்லாதவர்களுக்கு லிட்டர் 48லிருந்து 60 ஆக்கினார்கள். அந்த 12 ரூபாய்தான் எல்லா இடத்திலும் பேச்சாக இருந்தது. அந்த 3 ரூபாயை நான் பார்த்த இடங்களில் உள்பக்கத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கறக்கிறவருக்கு மூன்று ஏற, குடிக்கிறவருக்கு ஏன் பன்னிரண்டு ஏறியது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர் எழுதியிருந்தால் எவ்வளவு நல்ல செய்தி அது! அட்டைக்காரருக்கு 46 ஆகவே இருந்தது என்பதையும் சேர்த்து.

பிப்ரவரி 2, 2024

இடைக்கால பட்ஜெட். வருமான வரி விகிதத்தில் மாற்றமில்லை. ‘நடுத்தர மக்கள் ஏமாற்றம்’. டிசம்பர் வரை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தது 8.18 கோடி. அதிலும் வரியே கட்ட வேண்டாதவர்கள் நிறைய. 140 கோடிப் பேர் நாட்டில் இவர்கள்தான் ‘நடுத்தர மக்கள்’. டெஸ்க்கில் அன்றிரவு உட்கார்ந்திருப்பவருக்கு வரி பிடித்துக்கொண்டுதான் சம்பளம் வரும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 5, 2024

மூன்று நாளாக ஒரே ரகளை. திங்கள் சென்செக்ஸ் 2,507 ஏற்றம். செவ்வாய் தேர்தல் முடிவு, 4,390 இறக்கம், ‘முதலீட்டாளர்களுக்கு ஒரே நாளில் 31 லட்சம் கோடி இழப்பு’. இன்று 2,303 ஏறிவிட்டது. அந்த 31இல் கொஞ்சம் திரும்பிவிட்டது. எங்கே போயிருந்தது, யார் கொண்டுவந்து கொடுத்தார்கள்? விற்காதவருக்கு நஷ்டமும் இல்லை லாபமும் இல்லை, காகிதத்தில் ஏறி இறங்கியது. இருந்தாலும் அதற்கு ‘இழப்பு’ என்று பெயர், லட்சம் கோடியில் கணக்கு.

செப்டம்பரில் பெட்டி 80க்குப் போட்டாரே அண்ணன், அவர் இழந்தது நிஜக் காசு. ஒட்டன்சத்திரத்தில் அந்த ஒரு வாரத்தில் அப்படி எவ்வளவு போயிருக்கும்? கூட்டிச் சொல்ல ஆளில்லை. சந்தைக்கு வந்த பெட்டிக் கணக்கும் அன்றன்றைய விலையும் கமிஷன் கடை நோட்டில் இருக்கின்றன, கூட்டினால் வந்துவிடும். நான் டெஸ்க்கில் இருந்த 11 வருடத்தில் எனக்கு இது தோன்றியதே இல்லை. இங்கே எழுத ஆரம்பித்து 11 மாதம் ஆனபிறகு இப்போது தோன்றுகிறது.

ஒருவர் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். என்னிடமும் ஒரு மியூச்சுவல் ஃபண்ட் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நாலு தடவை போனைத் திறந்து பார்த்தேன்.

ஜூன் 21

ஊருக்குப் போயிருந்தேன். தக்காளி மறுபடி ஏறுகிறது. டீக்கடைப் போஸ்டரில் ‘மீண்டும் சதமடிக்குமா தக்காளி?’ கிரிக்கெட்டுக்கும் விலைக்கும் ஒரே ஆள் தலைப்புப் போடுகிறார் என்று நினைக்கிறேன்.

அண்ணனிடம் தக்காளி இல்லை, இந்த முறை மக்காச்சோளம். விலை போனாலும் காயவைத்து மூட்டை கட்டி வைத்துக்கொள்ளலாம், அழுகாது என்கிறார். அண்ணி களத்தில் படுதாவை உதறிக்கொண்டே கேட்டார்: ‘ஏன் தம்பி, மக்காச்சோளம் விலை ஏறினா எந்த இல்லத்தரசியும் அதிர்ச்சியாக மாட்டாங்கல்ல?’

கோழித் தீவனத்துக்குத்தான் போகும், தீவனம் ஏறினால் நாமக்கல்லில் முட்டை விலை ஏறும், முட்டை ஏறினால் முதல் பக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் முந்திக்கொண்டார். ‘முட்டை ஏறினா சத்துணவுக்கூடத்துல ஆரம்பிச்சு டிவி வரைக்கும் ஆடிரும். நீ பேசாம சோளத்தைப் பாரு.’